கைக்கு லைசென்ஸ் கேட்டவள்

மசாஜ் அக்காவுக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. தெருவில் எதிரே வந்து சிரிக்கிறவர்களுக்கெல்லாம் பதிலுக்குச் சிரித்து வைப்பாள். யார் எவர் என்று பிடிபடாது. அதே ஆள் இரண்டடி தாண்டிப் போன பிறகு திரும்பிப் பார்த்தால், "அட, நம்ம கோணல் இடுப்பு" என்று பளிச்சென்று தெரிந்துவிடும். உடனே பின்னாலிருந்து கூப்பிட்டு நலம் விசாரிப்பாள். அதனால் அந்தத் தெருவில் பாதிப் பேர் அவளிடம் முதுகுப் பக்கமாகத்தான் வணக்கம் வாங்கியிருக்கிறார்கள்.

தொழில் அப்படி. வருகிறவர்கள் வந்ததும் குப்புறப் படுத்துவிடுகிறார்கள். மேசையின் தலைமாட்டில் இருக்கும் ஓட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, முதுகை மட்டும் அவளிடம் ஒப்படைக்கிறார்கள். முகம் என்பது கடைவாசல் மாதிரி. நாலு பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்து ஜோடித்து வைத்தது. முதுகு கடையின் பின்கட்டு. மூட்டைகள் அங்கேதான் கிடக்கும். எந்த மூட்டை எங்கே கிடக்கிறது, எது எத்தனை வருஷத்துச் சரக்கு என்பதெல்லாம் அவள் விரல்களுக்குத் தெரியும்.

ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் ஒரே ஒரு அறை. ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மதிய வெயில் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி, திரைச்சீலையில் வடிந்து உள்ளே வந்து சேர்வதற்குள் அதை வெயில் என்று சொல்ல முடியாது. தண்ணீர் கலந்த தேன் மாதிரி வேறு ஏதோ ஒன்று ஆகியிருக்கும். சுடுநீர்ப் பாத்திரத்தில் எண்ணெய்க் கிண்ணம் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். கீழே கடையில் துணி கிழிக்கிற சத்தம் மாடிக்கு ஏறி வரும்போது தூரத்தில் எங்கோ மழை இறங்குகிற சத்தமாகிவிடும். அந்த நேரத்தில் அவளுக்குச் சில சமயம் தோன்றும், ஊரே குப்புறப் படுத்திருக்கிறது, தன் விரல்கள் அதன் மேல் நடந்துபோய்க்கொண்டிருக்கின்றன என்று.

கனவுக்கு நடுவே காலை நீட்டிய ஆள், கீழ்க்கடை முதலாளி. கட்டடம் அவருடையது.

தெருக்கோடியில் கலர் பல்பு போட்டு 'மசாஜ்' என்று எழுதிவைத்த கடைகளில் நடந்தது மசாஜ் இல்லை. ஒருநாள் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. பல்பு அணைந்தது, சொல் மட்டும் அழுக்காகி நின்றுவிட்டது. இந்தத் தெருவில் அந்தப் பெயரில் எந்தக் கடையும் கூடாது என்று வியாபாரிகள் சங்கம் தீர்மானம் போட்டது. முதலாளி அவளைக் கீழே கூப்பிட்டனுப்பினார். அவர் கூட்டினாலும் கழித்தாலும் குரல் மாறாத மனிதர். முழக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"உன்னை எனக்குத் தெரியும்மா. என்னைச் சங்கத்துக்குத் தெரியும். ஆனா உன்னைச் சங்கத்துக்குத் தெரியாதே. டாக்டர் சுவத்துல ஒரு பேப்பர் மாட்டியிருக்காரு. மருந்துக்கடைக்காரரும் மாட்டியிருக்காரு. நீயும் சர்க்கார் முத்திரையோட ஒண்ணு கொண்டாந்து மாட்டு. அப்புறம் எவன் கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்."

எந்த ஆபீஸில் அதைத் தருவார்கள் என்று கேட்டாள். அது அவருக்கும் தெரியவில்லை. விசாரித்ததில், எந்த ஆபீஸிலும் தருவதில்லை என்று தெரிந்தது. அந்த மாநிலத்துச் சட்டத்தில் தராசுக்கு முத்திரை உண்டு, நாய்க்கு லைசென்ஸ் உண்டு, தள்ளுவண்டிக்கு வில்லை உண்டு. மனுஷன் உடம்பைப் பிடித்துவிடுகிற கைக்கு ஒன்றும் கிடையாது. நல்ல கையும் கெட்ட கையும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே கைதான்.

பேரம் பேசிப் பேசிக் கடைசியில் ஒரு கெடு வாங்கினாள். சட்டசபையின் நடப்புக் கூட்டம் முடிகிறவரை அறை அவளுக்கு. அதற்குள் காகிதத்துக்கு ஒரு வழி பிறக்காவிட்டால் காலி செய்துவிட வேண்டும். இன்னொரு இடம் பார்க்கலாமே என்றால், 'மசாஜ்' என்ற சொல்லைக் கேட்டதும் கட்டடச் சொந்தக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. இந்த அறை போனால் தொழில் போச்சு. அவ்வளவுதான் விஷயம்.

பேருக்கு ஒரு மசாஜ் தொழிலாளர் சங்கம் இருந்தது. அதன் தலைவர், கால்பந்தாட்டக்காரர்களுக்குக் காலுருவி விடுகிறவர். பயில்வான் என்று கூப்பிடுவார்கள். கழுத்தே இல்லாத உடம்பு. மேடைப்பேச்சு என்றால் உயிர். இரண்டு பேரும் ஒரு வக்கீலைப் பிடித்து மசோதா எழுதினார்கள். பயிற்சி வேண்டும், பரீட்சை வேண்டும், தேறினவருக்கு லைசென்ஸ், தேறாதவர் கடை வைத்தால் தண்டனை என்று பத்துப் பிரிவு. வக்கீல், டாக்டர்கள் சட்டத்திலிருந்து ஒரு பிரிவை உருவி, கேட்காமலே கொசுறாகப் பதினோராவதாகச் சேர்த்துக் கொடுத்தார். கொசுறை யார் பிரித்துப் பார்க்கிறார்கள்? அக்கா வீட்டில் ஒருநாள் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். பயில்வான் அதைக்கூடச் செய்யவில்லை.

மசோதாவோடு வைக்கிற மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் போனபோதுதான் ஊர் புரிந்தது. கழுத்தையும் இடுப்பையும் கண்ணை மூடிக்கொண்டு அவளிடம் கொடுக்கிறவர்கள், பேனாவைப் பார்த்ததும் விரலை மடக்கிக்கொண்டார்கள். கல்கழுத்து என்று அவள் பெயர் வைத்திருந்த வியாபாரி, தன் கையெழுத்து தனக்கே மறந்துவிட்டது என்றார். கூச்ச விலா, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று கம்பி நீட்டினவர் அந்தப் பக்கமே வரவில்லை. ஆபீஸ்களில் 'மசாஜ்' என்றதும் குமாஸ்தாக்களின் வாயோரம் ஒரு சிரிப்பு வந்து நிற்கும். அந்தச் சிரிப்பை விலக்கிக்கொண்டு உள்ளே போவதற்கே பாதி நாள் ஆகிவிடும்.

"பேப்பர்ல கேட்டா எப்படிப் போடுவாங்க அண்ணி? முதுகுலயே போடச் சொல்லுங்க, வரிசைல நிப்பாங்க" என்றாள் நாத்தனார். கடைவாசலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்குவது அவள் வேலை. வீட்டுக்காரரின் தங்கை, நாக்கில் ஊசி வைத்துக்கொண்டு பிறந்தவள்.

ஆனால் நாத்தனாரின் கருணைக்கும் ஒரு வாசல் உண்டு. கட்டடத்தின் பின்னால் ஒரு படிக்கட்டு இருந்தது. முகம் காட்டச் சங்கடப்படுகிறவர்கள் அந்த வழியாக வந்து கதவைத் தட்டினால், தாழ்ப்பாளை நீக்கிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். அவர்கள் ஒளிந்து வந்தது சுகத்துக்காக இல்லை, தோள்வலிக்குத்தான். வலி நிஜம், வெட்கமும் நிஜம். அக்கா உள்ளே வரும்போது அவர்கள் படுத்து, முகம் ஓட்டைக்குள் போயிருக்கும்.

அப்படிப் புதன்கிழமைதோறும் சாயங்காலம் வருகிற ஒரு முதுகுக்கு அவள் 'வலது தோள்' என்று பெயர் வைத்திருந்தாள். அகலமான, வெகுநாள் நல்ல சாப்பாடு சாப்பிட்ட முதுகு. இடது பக்கம் சாதுவாகப் படுத்திருக்கும். வலது தோள் மட்டும் காதை நோக்கி ஏறியே நிற்கும், யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பப் பார்ப்பது போல. தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் ஒரு முடிச்சு. அதைக் கரைக்க அவள் மாதக்கணக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கரைந்து போகும், அடுத்த வாரம் புதிதாய் முடிந்துகொண்டு வரும். பேச்சே கிடையாது. கொஞ்ச நேரத்தில் மூச்சு நீளமாகி, லேசாகக் குறட்டை கேட்கும்.

இங்கே அவளுடைய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வேலை செய்யும்போது அவள் பேசிக்கொண்டே இருப்பாள். தாழ்ந்த குரல், ஏற்ற இறக்கமில்லாமல், எண்ணெய் வழிகிற மாதிரி. நாத்தனார் அதற்கு 'மேசைக் குரல்' என்று பெயர் வைத்திருந்தாள். வீட்டில் மறந்துபோய் அந்தக் குரலில் பேசினால் வீட்டுக்காரர் தட்டின் முன்னாலேயே தலை சாய்ந்துவிடுவார். பேச்சு நின்றால் கைக்குத் தாளம் தப்பும்; அதனால் தூங்குகிற முதுகோடும் பேசுவாள். அன்றாடம் கடந்து போகிற எதையும், மனதில் கிடக்கிற எதையும், தூங்குகிற முதுகின் மேல் ஊற்றிவிடுவாள். அங்கே போட்டது வெளியே வராது என்று ஒரு நம்பிக்கை.

அலைந்து திரிந்து ஒரு உறுப்பினர் மூலமாக மசோதா சட்டசபைக்குப் போய், குழு அதை விசாரிக்க நாள் குறித்ததும், அவள் தன் பேச்சை ஒத்திகை பார்த்தது வலது தோளின் மேல்தான். புதன் புதனாக. பயில்வான் எதைச் சொல்லுவார், தான் எதை எடுத்துக்கொடுப்பது, டாக்டர்கள் சங்கம் என்ன ஆட்சேபிக்கும், அதற்கு என்ன பதில். தராசு, நாய், தள்ளுவண்டி என்று அடுக்கி, "எங்க கைக்கு மட்டும் ஏன் இல்லை?" என்று முடிக்கிற இடத்தை அவள் மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தாள். நன்றாக வந்த இடத்தில் தோள் தளர்ந்து மேசையோடு மேசையாக இறங்கியது. வலுவில்லாத இடத்தில் முடிச்சு இறுகியது. பிடிப்பு என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள்.

விசாரணை நாளன்று சாப்பாட்டு வேளை தாண்டிக் கூப்பிட்டார்கள். உயரமான கூடம். ஆளுயர ஜன்னல்கள், தரையைத் தொடுகிற திரைகள், வெகு மேலே சாவகாசமாகச் சுற்றுகிற மின்விசிறிகள். நீண்ட மேசையின் அந்தப் பக்கம் உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மூடி போட்ட கண்ணாடித் தம்ளர். அக்காவுக்கு அந்தக் கூடம் முழுக்கத் தண்ணீர் நிறைந்திருப்பது போலவும், அதன் அடியில் எல்லோரும் மெதுவாக அசைவது போலவும் இருந்தது. முகங்கள், முகங்கள், வரிசையாக முகங்கள். ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. நடுவில் குழுத் தலைவி. நரைத்த தலை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவருக்குப் பக்கத்தில், மசோதாவை எதிர்த்துப் பேப்பரில் பேட்டி கொடுத்த உறுப்பினர். அவர் படத்தை அவள் பலதடவை பார்த்திருக்கிறாள். ஆனால் பேப்பரில் தலைவர்களின் முன்பக்கத்தைத்தானே போடுகிறார்கள்.

பயில்வான் எழுந்து "மாட்சிமை தாங்கிய குழுவினரே" என்று ஆரம்பித்தார். ஆதிமனிதன் முதன்முதலில் தன் காலைத் தானே பிடித்துவிட்ட நாளிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். மின்விசிறியும் அவரும் ஒரே வேகத்தில் ஓடினார்கள். ஓரத்து உறுப்பினர் ஒருவரின் தாடை நெஞ்சில் இறங்கியது. இன்னொருவர் கண்ணைத் திறந்தபடியே எங்கோ போய்விட்டிருந்தார்.

பயில்வான் உட்கார்ந்ததும் எதிர்ப்பு உறுப்பினர் பேச எடுத்துக்கொண்டார். பயிற்சி, பரீட்சை, தண்டனை என்று ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கு இவர்கள் சொல்லப்போகிற சமாதானத்தையும் தானே சொல்லி, அதற்கு மறுப்பையும் தானே சொன்னார். அக்கா இன்னும் வாய் திறக்கவில்லை. அவள் கையிலிருந்த தாளில் எழுதியிருந்தது மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக அவர் வாய் வழியாக வந்து விழுந்துகொண்டிருந்தது. கனவில் நம் வீட்டுக்குள் நாம் போனால் உள்ளே வேறு யாரோ நம் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அப்படி.

"கடைசியா அந்த அம்மா ஒண்ணு வெச்சிருப்பாங்க" என்றார் அவர். "தராசுக்கு முத்திரை இருக்கு, நாய்க்கு லைசென்ஸ் இருக்கு, எங்க கைக்கு மட்டும் ஏன் இல்லைம்பாங்க. ஏம்மா, லைசென்ஸ் வந்ததும் கையை மட்டும் வேலைக்கு அனுப்பிட்டு நீங்க வீட்டுலயே இருந்துக்குவீங்களா?"

தூங்கினவர்கள்கூட விழித்துக்கொண்டு சிரித்தார்கள். பயில்வானே கொஞ்சம் சிரித்துவிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா தாளிலிருந்து தலையை நிமிர்த்தினாள். அந்தத் தராசையும் நாயையும் அவள் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. பயில்வானிடம்கூட. சொன்னால் தன் பேச்சில் சேர்த்துக்கொண்டுவிடுவார் என்று பத்திரமாக வைத்திருந்த சரக்கு. அதைச் சொன்னது ஒரே இடத்தில்தான்.

அப்போது உறுப்பினர் இன்னொரு தம்ளர் தண்ணீர் கேட்பதற்காகப் பின்னால் நின்ற சேவகரிடம் திரும்பினார். முழுக்கத் திரும்பினார். இடது பக்கம் சாதுவாக இருந்தது. வலது தோள் காதை நோக்கி ஏறியிருந்தது. நல்ல வெள்ளைச் சட்டைக்கு அடியில், தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில், அந்த முடிச்சு இருக்கிற இடம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். விரல்கள் தாமாகவே மடங்கின.

தூங்கவில்லை. இத்தனை புதனும் இந்த மனுஷன் தூங்கவே இல்லை.

வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூடம் தலைகீழாகிவிடும். இந்த ஆளின் கட்சி, பேட்டி, வெள்ளைச் சட்டை எல்லாம் ஒரே நிமிஷத்தில் குப்புற விழும். அப்புறம்? அப்புறம் பின்படியில் எவன் ஏறுவான்? முன்படியிலும்தான் எவன் ஏறுவான்? சரக்கை எரித்துக் குளிர்காய்கிற வியாபாரி ஒருவேளைதான் குளிர்காய முடியும். மின்விசிறி வெகு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. தலைவி, "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டது தண்ணீருக்கு மேலிருந்து கேட்பது போல் கேட்டது.

அக்கா எழுந்தாள். தாளை மடித்து வைத்தாள். பேச வந்ததென்னவோ மேசைக் குரல்தான். வேறு குரல் அந்த நேரத்தில் அவளிடம் இல்லை.

"நான் எழுதிட்டு வந்ததை எல்லாம் ஐயாவே சொல்லிட்டாருங்க. என்கிட்ட மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. பதினோராவது பிரிவு."

மேசை நெடுக காகிதம் புரள்கிற சத்தம். யாரும் அதுவரை போயிருக்கவில்லை. எதிர்ப்பு உறுப்பினரும் போயிருக்கவில்லை. அதை மட்டும்தான் அவள் ஒத்திகை பார்த்ததில்லை.

"யாரு வந்தாங்க, எங்கே வலிக்குதுன்னாங்க, படுத்துக்கிட்டே என்ன பேசினாங்க, எதையும் நாங்க வெளியே சொல்லக் கூடாதுங்க. சொன்னா லைசென்ஸ் போயிடும். அதான் அந்தப் பிரிவு. டாக்டருக்கு அப்படி ஒரு சட்டம் இருக்கு. வக்கீலுக்கு இருக்கு. எனக்கு இல்லை. இன்னைக்குத் தேதிக்கு என் வாய்க்குப் பூட்டு என் மனசு மட்டும்தான். நல்ல மனசுதாங்க. ஆனா அதை மட்டும் நம்பி எத்தனை பேரு, எத்தனை நாளைக்கு வந்து படுக்கறது?"

அவள் யாரையும் பார்க்கவில்லை. ஜன்னல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது மற்றவர்களுக்கு எப்படி ஒலித்திருக்கும் என்று அவளுக்கே உறைத்தது.

வழக்கமாக அந்தக் குரலுக்கு எல்லோரும் தூங்குவார்கள். இங்கே எல்லோரும் விழித்தார்கள். வலது தோள் நிமிரும் என்று அவள் எதிர்பார்த்தாள், நிமிர்ந்தது. எதிர்பாராதது என்னவென்றால், அதற்கு இந்தப் பக்கம் ஒருவர் நிமிர்ந்தார். அந்தப் பக்கம் இன்னொருவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தாடை நெஞ்சில் இறங்கியிருந்தவர் தம்ளரின் மூடியைத் திறந்து, குடிக்காமலே மூடினார். சுருக்கெழுத்துக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தன் இடுப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவள் தூண்டில் போட்டது ஒரு மீனுக்கு, குளமே கலங்கியது. இவர்களெல்லாம் எந்தெந்தத் தெருவில், எந்தெந்தப் பின்படியில் ஏறுகிறவர்களோ, அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

எதிர்ப்பு உறுப்பினர் தொண்டையைச் செருமினார். "லைசென்ஸ் குடுத்துட்டா மட்டும் வாய் மூடிடுமா?"

"மூடும்ங்க. பறிக்கறதுக்குன்னு கையில ஒண்ணு இருந்தாத்தானே பயம் இருக்கும். இப்ப எங்ககிட்ட பறிக்க என்ன இருக்கு?"

தலைவி கண்ணாடிக்கு மேலாகத் தன் குழுவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தார். அவர் உதட்டில் வந்தது சிரிப்பா என்று சொல்ல முடியாது. வேறு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஆட்சேபம் இல்லை, திருத்தம்தான் இருந்தது. பதினோராவது பிரிவை முதல் பிரிவாக்க வேண்டும், தண்டனையைக் கடுமையாக்க வேண்டும். திருத்தத்தை முன்மொழிந்தவர் வலது தோள். மசோதாவைச் சபைக்கு அனுப்பலாம் என்று குழு ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

வெளியே வந்ததும் பயில்வான் அவளை விட்டு ஓரடி தள்ளியே நடந்தார். ஜெயித்தது சந்தோஷம்தான், ஆனால் அது மிரட்டல் மாதிரி இருந்தது, நம் தொழிலுக்கு அழகில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். மிரட்டலா, பேரமா? இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் துணி அளவுதான் இடைவெளி, இழுத்துப் பிடிக்கிறவர் கையைப் பொறுத்தது.

நடைபாதை நீளமாக, ஆளில்லாமல் இருந்தது. ஜன்னலருகே மூச்சு வாங்க நின்றாள். யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தேவைப்படவில்லை. அவரும் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளே வரும்போதே தெரிஞ்சுது, நீங்கதான்னு" என்றார். "உங்க முகத்தை நான் பாத்ததே இல்லை. ஓட்டை வழியா கால்விரலைத்தான் பாத்திருக்கேன்."

அவள் தன் காலைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் தன்னை ஊர் எப்படித் தெரிந்துவைத்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஏன் எதிர்த்தார் என்பதைக் கேட்காமலே சொன்னார். லைசென்ஸ் வந்தால் இன்ஸ்பெக்டர் வருவான், வருகிறவர் பெயரை எல்லாம் எழுதிவைக்கச் சொல்வான், ஒருநாள் அது எதிராளி கையில் கிடைக்கும் என்று பயம். முதல் சில வாரம் நிஜமாகவே தூங்கினாராம். மசோதா என்ற சொல் காதில் விழுந்த நாளிலிருந்துதான் தூக்கம் போயிற்று. அப்புறம் நடித்தார். கேட்டதை எடுத்துக்கொண்டு போய் மேடையில் வைத்தது தப்புதான் என்றார். தப்பு என்று சொல்லும்போது தோள் ஏறி இறங்கியது. பிறகு வெளியே பார்த்தபடி கேட்டார்.

"நான் விட்டுக்குடுக்கலைன்னா, என் பேரைச் சொல்லியிருப்பீங்களா?"

அக்கா யோசித்தாள். பொய் சொல்ல அது இடமில்லை.

"தெரியலீங்க. அதுக்குத்தானே சட்டம் கேட்டேன்."

அவர் தலையசைத்தார். இனி வரமாட்டார் என்பது அந்தத் தலையசைப்பிலேயே இருந்தது. நடைபாதையில் அவர் போகப் போக, அவள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் நாலைந்து வாரம் கிடைத்திருந்தால் முடிச்சை அடியோடு கரைத்திருக்கலாம்.

மசோதா சபைக்குப் போனது. ஆனால் சபைக்கு அதைவிட அவசரமான சண்டைகள் இருந்தன. கூட்டம் முடிந்தபோது அது படிக்கப்பட்டிருந்தது, நிறைவேறவில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டது. முதலாளி வைத்த கெடு முடிந்தது. அக்காவின் சுவரில் மாட்டக் காகிதம் இல்லை.

மறுநாள் மதியம் முதலாளியே மாடி ஏறி வந்தார். அறையில் யாரும் இல்லை. எண்ணெய் ஆறிப்போய்க் கிடந்தது. மேசையின் விரிப்பை விரலால் தேய்த்து, நூலின் தரம் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஜாக்கிரதையாக உட்கார்ந்தார். அந்த இடுப்புக்கும் அவள் ஒரு மழைக்காலத்தில் பதினைந்து நாள் வேலை பார்த்திருக்கிறாள். குனிந்து மூட்டை தூக்கினதில் பிடித்துக்கொண்டது. அப்போது கடைப்பையன்களுக்குக்கூடத் தெரியாமல் வந்து போனார்.

வியாபாரிகள் சங்கம் விடுவதாக இல்லை என்றார். மசோதா போயிருக்கிறது என்று சொன்னால், வந்த பிறகு சொல் என்கிறார்களாம். ஆனால் வழி ஒன்று இருக்கிறது. குரலைத் தாழ்த்தாமல், துணி விலை சொல்கிற மாதிரியே சொன்னார்.

"சங்கத்துல இருந்து எவனாவது உன்கிட்ட வராமலா இருப்பான்? ஒரே ஒரு பேரு சொல்லு. நான் அவனைத் தனியா கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாப் போதும், தீர்மானம் தானா கிழிஞ்சுடும். ரூம் உனக்குத்தான். எத்தனை வருஷம் வேணும்னு நீயே எழுதிக்கோ."

நல்ல பேரம். இதைவிட நல்ல பேரம் அந்தத் தெருவில் யாருக்கும் படிந்திருக்காது. பெயர் ஒன்றல்ல, சங்கத்தின் பாதி நிர்வாகம் அவள் விரல் நுனியில் இருந்தது. தீர்மானத்தை எழுதினவரே கல்கழுத்துதான். தடுக்க ஒரு சட்டமும் இல்லை. அது அடுத்த கூட்டத்துக்குக் காத்துக்கொண்டு எங்கோ ஒரு அலமாரியில் தூங்குகிறது. தேன் வெளிச்சம் முதலாளியின் பாதி முகத்தில் விழுந்து கிடந்தது. கீழே துணி கிழிபட்டது, தூரத்து மழை மாதிரி.

அக்கா சொல்லத்தான் நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். நடைபாதையில் தனக்கே தெரியாமலிருந்த ஒன்று இப்போது தெரியப்போகிறது என்று, வேறு யாரையோ பார்ப்பது போலத் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் திறக்கவில்லை. வீம்பும் இல்லை, தர்மமும் இல்லை. உறக்கத்தில் கை எழும்பாத மாதிரி, அது எழும்பவில்லை.

முதலாளி காத்திருந்தார். பேரத்தில் மௌனம் என்றால் விலை ஏறுகிறது என்று அர்த்தம் என்பது அவர் பழக்கம். அதனால் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். சுவருக்கு வெள்ளையடித்துத் தருகிறேன் என்றார். படிக்கட்டுக்கு விளக்கு போட்டுத் தருகிறேன் என்றார். அவள் எண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகு நேரம் கழித்து அவர் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. இது விலை ஏற்றுகிற மௌனம் இல்லை, சரக்கே விற்பனைக்கு இல்லை என்று அவருக்குப் பிடிபட்டது. கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போனது.

"அப்ப என் இடுப்பைப் பத்தியும் நீ யார்கிட்டயும் சொல்லலை" என்றார்.

அவள் ஆறிப்போன எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

அவர் கொஞ்ச நேரம் மனக்கணக்குப் போட்டார். உதடு அசைந்தது. பிறகு ஸ்டூலிலிருந்து ஜாக்கிரதையாக எழுந்தார்.

"பேப்பர் வர்ற அன்னைக்கு வரட்டும். அதுவரைக்கும் இரு."

"சங்கத்துக்கு என்ன சொல்லுவீங்க முதலாளி?"

"மேல போயி நல்லா விசாரிச்சேன், ஒரு விஷயமும் தேறலைன்னு சொல்லுவேன்" என்றார். "பொய்யில்லையே."